சலங்கை வராத பெட்டி

வி.கே.புரத்தில் மில்காரர்கள் குடியிருக்கும் தெருப்பக்கம் புதிதாக யாராவது வந்தால், வீட்டுக்கு வீடு சண்டை நடக்கிறது என்று பயந்துபோவார்கள். சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது. குழம்புக்கு உப்பு போதுமா என்று ஒருத்தி புருஷனைக் கேட்டிருப்பாள், போதும் என்று அவன் சொல்லியிருப்பான், அவ்வளவுதான். காலமெல்லாம் ஸ்பின்னிங் பிரிவில் மெஷின்களின் ஓலத்துக்கு நடுவே நின்றவன், வீட்டுக்கு வந்தும் அந்த ஓலத்துக்கு மேலேதான் பேசுவான். வீட்டில் உள்ளவர்களும் பதிலுக்குக் கத்திப் பழகிப்போவார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மில்லுக்குள் வாய் திறந்து சொன்னால் பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்காது. உதடு அசைவதைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்க வேண்டும். அதனால் மில்காரன் எவனும் எதிராளி முகத்தைப் பார்க்காமல் பேசமாட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு எவனாவது பேசினால் மரியாதை தெரியாத பயல் என்று திட்டிவிட்டு எழுந்து போய்விடுவான்.

தாணுமாலையன் அந்தத் தெருவில் கடைசி வீடு. அவர் அப்பா காலத்தில் அம்பாசமுத்திரம் பக்கம் நஞ்சை இருந்தது. தாணுமாலையன் காலத்தில் அது இருந்த இடத்தை விரல் நீட்டிக் காட்ட மட்டும் முடிந்தது. வயசுப் பையனாக மில்லில் பிட்டர் வேலைக்குச் சேர்ந்தவர், தலை நரைத்து ஓய்வு பெற்று வெளியே வந்தார். குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார். அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு பாட்டுப்பெட்டிதான். மாஞ்சோலை மலையில் ஒரு பங்களாக்காரர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, மனைவி கோமுவின் வளையலை அடகு வைத்து, தேக்குப் பலகையில் செய்த ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியை வாங்கிவந்த மனுஷன் அவர். மணிமுத்தாறு வரை லாரியில் இறக்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். வழியெல்லாம் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தே வந்தார், பெட்டி அலுங்கிவிடக் கூடாதாம். அவருடைய கல்யாணத்தில்கூட பெண்ணை அவ்வளவு பத்திரமாக அழைத்து வரவில்லை என்று கோமு இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

வளையலைத் திருப்பியது வேறு கதை. இது சலங்கைக் கதை.

அவர்களுக்கு ஒரே பெண். அனுராதா. மூன்றாவது நாலாவது படிக்கையில் பள்ளிக்கூடத்தில் டான்ஸ் டீச்சர் ஒருத்தி வந்து சேர்ந்தாள். அனு சலங்கை கட்டிக்கொண்டு வீட்டையே இரண்டாக்கினாள். சோறு தின்னும்போதும் சலங்கை, கணக்குப் போடும்போதும் சலங்கை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருக்கும் அப்பனின் தலைமாட்டில் தையத்தை என்று குதிப்பாள். வேறு எவன் வீட்டிலாவது என்றால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். தாணுமாலையன் கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பார். பள்ளி ஆண்டுவிழாவில் அவள் ஆடியபோது, டேப்ரிக்கார்டரைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போய், மேடை ஓரத்தில் மைக்கைக் கட்டி, முழுசாகப் பதிவு செய்தார். அடுத்த வருஷம் டீச்சர் கல்யாணமாகி மதுரைக்குப் போய்விட்டாள். வேறு டீச்சர் வரவில்லை. அனுவின் டான்ஸ் அதோடு சரி.

அந்த நாடாவில் ஓர் இடம் உண்டு. டீச்சர் ஜதி சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துவாள். மத்தளமும் நிற்கும். பள்ளிக்கூடத்துச் சிமெண்டு மேடையில் பிள்ளையின் கால் மட்டும் பேசும். ஜல் ஜல்லென்று, மழை பிடிக்கிற மாதிரி முதலில் பைய, பிறகு வேகமாக. அப்புறம் மத்தளம் வந்து சேர்ந்துகொள்ளும். அந்த இடத்துக்காகத்தான் தாணுமாலையன் அந்தக் கேசட்டைத் தேயத் தேயப் போட்டார். பிறகு அனு வளர்ந்து, அப்பா இதை ஏன் போடுதிய வெக்கமா இருக்கு என்று சிணுங்க ஆரம்பித்ததும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

அனுவைக் கட்டிக்கொடுத்தது பிலாயில். மாப்பிள்ளைக்கு உருக்காலையில் உத்தியோகம். நல்ல இடம், நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. தூரம்தான் குறை. பிரசவத்துக்கு வந்தவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை நாலு வீடு தள்ளியுள்ள நமச்சிவாயம் வாத்தியார் வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவாள். கோமுதான் ஓடிப்போய்ப் பேசுவாள். தாணுமாலையன் அந்தக் கறுப்புச் சனியனைத் தொடமாட்டார். காதில் வைத்தால் கொரகொரவென்று இருக்கும், முகம் இல்லாமல் என்ன பேச்சு என்பார். அதனால் மகளின் குரலைக் கேட்டே அவருக்கும் மூன்று வருஷம் ஆயிற்று. ஓய்வு பெற்றதிலிருந்து வீடு ஏதோ துணியைப் போட்டு மூடினாற்போல் இருந்தது. முன்னெல்லாம் பொழுது சாய்ந்தால் ஆற்றங்கரைப் பக்கமிருந்து சில்வண்டுச் சத்தம் காதைத் துளைக்கும். இப்போது அதுவும் இல்லை. வயலுக்கு அடிக்கிற மருந்தில் எல்லாம் செத்துத் தொலைந்தது என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருத்தப்பட்டார். பெரியவர் சொல்கிறாரே என்று அவர்களும் தலையாட்டினார்கள்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் பங்குனியில் கோமு போன் பேசிவிட்டு முகமெல்லாம் பல்லாக வந்தாள். லீவுக்கு அனு வருகிறாளாம். பேத்தி ஸ்னேகாக்குட்டி இப்போது டான்ஸ் என்றால் உயிரை விடுகிறாளாம், டி.வி.யில் எது வந்தாலும் ஆடுகிறாளாம்.

தாணுமாலையன் அப்போதே டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டார். பேத்தியை உட்காரவைத்து அவள் அம்மா ஆடிய சலங்கையைக் கேட்கவைக்க வேண்டும். அந்த ஆசை அவரை அப்படியே பிடித்துக்கொண்டது. கேசட்டைத் துடைத்துப் போட்டார். டீச்சர் குரல் வந்தது. மத்தளம் வந்தது. எவ்வளவு நல்ல நாடா, இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் ஒரு இரைச்சல்கூட இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அந்த இடமும் வந்தது. டீச்சர் நிறுத்தினாள், மத்தளம் நின்றது.

ஒன்றும் கேட்கவில்லை. வெறும் அமைதி. பிறகு மத்தளம் வந்து சேர்ந்துகொண்டது.

மறுபடியும் சுற்றிப் போட்டார். மறுபடியும் அமைதி. அவருக்கு மகளையே யாரோ அழித்துவிட்ட மாதிரி இருந்தது.

பதறுகிற ஆள் இல்லை அவர். பிட்டர் அல்லவா, கோளாறு எங்கே என்று யோசித்தார். பெட்டிக்குள் பெரிய ஸ்பீக்கர் ஒன்று, சின்ன ஸ்பீக்கர் ஒன்று. மத்தளம் மாதிரிக் கனத்த சத்தத்துக்குப் பெரியது. சலங்கை மாதிரி மெல்லிய சத்தத்துக்குச் சின்னது. அந்தச் சின்னதுக்குப் போகும் கம்பியில் காவல்காரன் மாதிரி ஒரு கண்டன்சர் உட்கார்ந்து, கனத்த சத்தத்தைத் தடுத்து மெல்லியதை மட்டும் உள்ளே விடும். வருஷம் ஆக ஆகக் கண்டன்சர் உள்ளுக்குள் காய்ந்துபோகும். அப்புறம் மெல்லியதையும் விடாது. பெட்டியின் முதுகைக் கழற்றிப் பார்த்தார். சின்ன ஸ்பீக்கரின் கம்பியில் டார்ச்சு பாட்டரிக் கட்டையை வைத்துத் தொட்டால் டிக்கென்றது, உயிர் இருக்கிறது. கண்டன்சர் ஓரத்தில் பசை கசிந்து காய்ந்திருந்தது. கண்டுபிடித்தாயிற்று என்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

திருநெல்வேலி ஜங்ஷனில் தாஜ் முகம்மது கடையில் கிடைக்காத சாமான் கிடையாது. அந்தக் காலத்து அளவு இப்போது வருவதில்லை என்று சொல்லி, இரண்டு சாதாக் கண்டன்சரை முதுகோடு முதுகாகச் சேர்த்துப் பற்றவைக்கச் சொல்லிக்கொடுத்தார் அவர். தாணுமாலையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பற்றவைத்து, மூடி, கேசட்டைப் போட்டார். அதே அமைதி.

“வந்துட்டே!” என்று கோமு அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள். “ஜல்லு ஜல்லுன்னு கேக்குல்லா. எம் பிள்ள காலு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தாணுமாலையனுக்கு எரிச்சலாக வந்தது. கோமு நல்லா இல்லை என்று எதைத்தான் சொல்லியிருக்கிறாள்? அவர் வெட்டிய கோணல் வாழைக்காயைக்கூட அழகு என்று சொன்ன மகராசி அவள். மனசு நோகக் கூடாதே என்று சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பெட்டியை மறுபடி கழற்றினார்.

அடுத்த வாரம் தாஜ் முகம்மது ஓர் உபாயம் சொன்னார். “ஃபேன் கண்டன்சர்தானேன்னு நெனைக்காதிய அண்ணாச்சி. அளவு சரியா வருது. அடுத்த தலைமுறைக்கும் காயாது.” சின்ன ஸ்பீக்கரைத் துணியில் சுற்றிக் கடைக்கே கொண்டுபோயிருந்தார் தாணுமாலையன். தாஜ் முகம்மது அதை மாட்டி ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, கண்ணாடி உடைகிற மாதிரி கேட்கிறதே என்றார். பஸ் ஹார்ன் அடிக்கிற ஜங்ஷனில் எவனுக்கு என்ன கேட்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தாணுமாலையன் அம்பாசமுத்திரம் பஸ் ஏறினார்.

வீட்டில் அதுவும் தோற்றது. ஆம்ப்ளிஃபயரில் மெல்லிய சத்தத்துக்கான குமிழைக் கடைசி வரை திருகினார். கோமு காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

யாராவது உண்மை சொல்கிற ஆளாக வேண்டும். நன்றாக யோசித்து, தானியேலைக் கூட்டிவந்தார். தானியேல் அவரோடு ஒரே நாளில் மில்லில் சேர்ந்தவர், பக்கத்துப் பக்கத்து மெஷினில் ஆயுசைக் கழித்தவர். அந்த ஓலத்துக்கு நடுவிலும் எந்த ஸ்பிண்டில் தேய்ந்திருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்து சொல்லிவிடுவார். காது என்றால் தானியேல் காது என்று மில்லே சொல்லும். அந்தக் காதை நம்பாமல் எதை நம்புவது?

தானியேல் பெட்டிக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த இடம் வந்தது. இரண்டு பேரும் தலையைச் சாய்த்து, மூச்சு விடாமல் கேட்டார்கள். மத்தளம் திரும்பி வந்தது.

“வே தாணு, டீச்சர் சத்தம் கேக்கு. மத்தளம் கேக்கு. சலங்கை எங்கன வே இருக்கு?” என்றார் தானியேல், தாணுமாலையனின் முகத்தைப் பார்த்து.

“அதத்தான்வே நானும் சொல்லுதேன்,” என்றார் தாணுமாலையன். அப்பாடா என்றிருந்தது அவருக்கு. கண்டன்சர்தான், சந்தேகமே இல்லை என்று இரண்டு பேரும் முடிவு கட்டினார்கள்.

அடுப்படி வாசலில் கோமு காப்பித் தம்ளரோடு நின்றாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சர்க்கரை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று தாணுமாலையன் நினைத்தார்.

அன்றைக்கு அப்புறம் கோமு மாறிப்போனாள். எது சொல்வதென்றாலும் கைவேலையை விட்டுவிட்டு, எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சில நேரம் அவர் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டுச் சொன்னாள். கிழவிக்கு இத்தனை வயசுக்கு மேல் ஆசை வந்திருக்கிறது என்று தாணுமாலையன் உள்ளூரக் குளிர்ந்துபோனார். ஒரு தடவை மட்டும் அவள் ஏதோ சொல்ல வந்தாள். பெட்டிக்குள் தலையை விட்டிருந்தவர் நிமிர்ந்து, என்ன என்று கேட்டார். அவர் கையில் பிடித்திருந்த கண்டன்சரையும் அவர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒண்ணுமில்ல, சாப்பிட வாங்க என்று மட்டும் சொன்னாள்.

சித்திரையில் அனு வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தோளில் தூங்கி வழிந்த ஸ்னேகாவைக் கோமு பறித்துக்கொண்டாள். அம்மாவும் மகளும் அடுப்படியில் நெடுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். வெளியே வந்த அனுவின் கண் சிவந்திருந்தது. ரயில் புகை என்றாள். இப்போது எந்த ரயிலில் புகை வருகிறது? தாணுமாலையன் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. தாஜ் முகம்மது மதராஸிலிருந்து வரவழைத்துக் கொடுத்த அசல் கண்டன்சர் அன்றைக்குத்தான் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தது. மத்தியானம் முழுக்கப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பற்றவைத்தார். முதுகுப் பலகையின் திருகாணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இதுவும் வராவிட்டால் இன்னொருமுறை கழற்ற வேண்டாமே என்று பலகையை மூடாமலே விட்டுவைத்தார்.

பொழுது சாய்கிற நேரம். எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அனு எழுந்து போய், கடைசி வரை திருகியிருந்த குமிழைப் பாதிக்குக் குறைத்தாள். குறைத்தால் சலங்கை எப்படி வரும் என்று அவர் சத்தம் போட்டார். அவள் எதிரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, “வரும்ப்பா,” என்றாள்.

கேசட் ஓடியது. டீச்சர் குரலைக் கேட்டதும் அனு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்னேகா அவள் மடியிலிருந்து நழுவி இறங்கிப் பெட்டி முன்னால் போய் நின்றாள். மத்தளத்துக்கு இடுப்பை ஆட்டினாள். தாணுமாலையன் பெட்டிக்குப் பின்னால் திருப்புளியும் கையுமாகத் தயாராக இருந்தார். அவருக்கு அந்த இடம் மட்டும்தான் வேண்டும்.

டீச்சர் நிறுத்தினாள். மத்தளம் நின்றது.

அமைதி. அதே அமைதி. தாணுமாலையனின் கை தானாகக் கண்டன்சருக்குப் போனது. அப்போதுதான் பெட்டிக்கு மேலாக ஸ்னேகாவைப் பார்த்தார்.

குழந்தை நிற்கவில்லை. மத்தளம் நின்றும் அவள் கால் நிற்கவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு, முதலில் பைய, பிறகு வேகமாக, குட்டிக் கால்களால் தரையைத் தட்டித் தட்டிக் குதித்தாள். எதையோ கேட்டுக் குதித்தாள். அவர் ஆயிரம் முறை கேட்ட அந்த வேகம் அவருக்கு மனப்பாடம். எங்கே கூடும், எங்கே பிடிக்கும் என்று தூக்கத்திலும் சொல்வார். பிள்ளையின் கால் அங்கேயே கூடியது, அங்கேயே பிடித்தது. காலில் கோமு புதிதாக வாங்கிப் போட்ட கொலுசு துள்ளித் துள்ளி விழுந்தது. அதில் தொங்கிய முத்தெல்லாம் ஆடின. அதிலிருந்தும் ஒரு சத்தமும் அவருக்கு வரவில்லை.

கொலுசுக்கு ஏது கண்டன்சர்?

அதே மில் ஓலத்தில் ஆயுசைக் கழித்த தானியேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. கோமு எதிரே வந்து நின்று பேசியது ஞாபகம் வந்தது. சில்வண்டு ஒன்றும் சாகவில்லை. ஆற்றங்கரையில் இப்போதும் அது கத்திக்கொண்டுதான் இருக்கும். மத்தளம் வந்து சேர்ந்துகொண்டது. இனி எந்தப் பெட்டியிலும் அந்தச் சத்தம் தனக்கு வரப்போவதில்லை என்பது அவருக்கு அப்போது தெரிந்துபோயிற்று. என் பிள்ளை சலங்கை போச்சே என்று நெஞ்சுக்குள் ஓவென்று இருந்தது.

அனுவும் கோமுவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து திருகாணிகளை எடுத்தார். முதுகுப் பலகையைப் பொருத்தி, ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் முறுக்கினார். கடைசி ஆணியை முறுக்கிவிட்டு எழுந்து முன்பக்கம் வந்தார்.

“சலங்கை நல்லா கேக்குதாம்மா?” என்று மகளைக் கேட்டார்.

“நல்லா கேக்குப்பா,” என்றாள் அனு. உதடு நடுங்கியது. ஆனாலும் அவருக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னாள். “அன்னைக்குக் கேட்ட மாதிரியே கேக்கு.”

“அப்போ கண்டன்சர்ல ஒண்ணும் இல்ல,” என்றார் தாணுமாலையன். “திருப்பிப் போடு. பிள்ள ஆடட்டும்.”

அனு கேசட்டைச் சுற்றிவிட்டாள். தாணுமாலையன் பேத்திக்கு எதிரே, தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டீச்சர் சொல்லி முடித்தாள். மத்தளம் நின்றது. மில்லில் சேர்ந்த நாளிலிருந்து உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்த மனுஷன், குழந்தையின் கால்களை விட்டுக் கண்ணை எடுக்காமல், சலங்கை வருவதையும் கூடுவதையும் நிற்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.